கொக்கிக்குக் கை கிடையாது

பதிவகத்தின் கையேட்டில் ஒரு வாக்கியம் ஏற வேண்டுமானால் ஏழு கையெழுத்து வேண்டும். அந்த ஏழு பேரில் ஒருவராவது வாக்கியத்தைப் படித்திருக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை. இது ஒரு குறையாக யாருக்கும் பட்டதில்லை. எழுதுவது எழுத்தரின் வேலை, கையெழுத்துப் போடுவது அதிகாரிகளின் வேலை. ஒருவர் வேலையில் இன்னொருவர் தலையிடுவது நாகரிகம் இல்லை.

எழுத்தர் அங்கே பதினாறு வருடமாக இருந்தார். பதிவகம் என்பது மக்களின் பெயர், முகவரி, பிறந்த தேதி எல்லாவற்றையும் வைத்திருக்கும் நான்கு மாடிக் கட்டடம். முன்பு அவை இரும்பு அலமாரிகளில் இருந்தன, இப்போது டேட்டாபேஸில் இருக்கின்றன. அந்த டேட்டாபேஸ் எப்படி வேலை செய்கிறது என்று விளக்கும் ஆயிரத்து நூறு பக்கக் கையேட்டை எழுதுவதும் புதுப்பிப்பதும் அவர் பொறுப்பு. இரண்டாம் மாடியில், ஜெனரேட்டர் பக்கம் பார்த்த அறை. ஜன்னலைத் திறந்தால் டீசல் வாடை வரும், மூடினால் மின்விசிறிச் சத்தம் கேட்கும். அவர் மூடியே வைத்திருந்தார்.

மூன்றாம் மாடியில் முகவரிப் பிரிவில் அவருடைய அக்கா வேலை பார்த்தார். அக்காவின் கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. எழுத்தர் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஏன் என்று கேட்டவர்களும் கேட்டுக் கேட்டு ஓய்ந்துவிட்டார்கள். இருவரும் ஒரே வீட்டில் இருந்து ஒரே பஸ்ஸில் வந்து ஒரே பஸ்ஸில் திரும்புவார்கள். பஸ்ஸில் அதிகம் பேசிக்கொள்வதில்லை. பேச வேண்டியதை எல்லாம் எப்போதோ பேசி முடித்துவிட்டவர்கள் போல இருப்பார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு அக்கா ஒரு காகிதத்தோடு இரண்டாம் மாடிக்கு இறங்கி வந்தார்.

“தம்பி, இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லு. நான் எண்ணூத்தி இருபத்துநாலு பேரைக் காணாம அடிச்சிருக்கேனாம்.”

அது தற்காலிகப் பணி நீக்க உத்தரவு. உறையைப் பார்த்ததும் பாராட்டுக் கடிதம் என்றுதான் அக்கா நினைத்திருந்தார். அப்படி நினைக்க நியாயமும் இருந்தது. வீடு மாறுகிறவர்கள் பழைய முகவரியை ரத்து செய்யாமல் புதிய முகவரியில் பதிந்துவிடுவார்கள். ஒரே ஆள் பதிவேட்டில் இரண்டு இடத்தில் இருப்பார். இந்த இரட்டைப் பதிவுகளைச் சரிசெய்வது அக்காவின் வேலை. ஒவ்வொன்றுக்கும் மூன்று கட்டளை. முதல் கட்டளை இரண்டு பதிவுகளையும் எடுத்துக் காட்டும். இரண்டாவது, பழையதில் மட்டும் இருக்கும் விவரங்களைப் புதியதில் சேர்க்கும். மூன்றாவது பழையதை நீக்கும். அக்கா மூன்றையும் திரையில் ஒரே தாளில், நடுவில் அரைப்புள்ளி வைத்துத் தட்டச்சு செய்து, ஒரே தட்டில் அனுப்பிவிடுவார். பிரிவில் இருந்த மற்ற இரண்டு பேருக்கும் அரைப்புள்ளியோடு ஒத்துவரவில்லை. அவர்கள் ஒவ்வொரு கட்டளையாக அனுப்பி, காத்திருந்து, அடுத்ததை அனுப்பினார்கள். மாதத்துக்கு அறுபது முடித்தார்கள். அக்கா அந்த மாதம் நானூற்றுப் பன்னிரண்டு முடித்திருந்தார்.

உத்தரவின்படி, நானூற்றுப் பன்னிரண்டு நீக்கங்களுக்குத்தான் அனுமதி இருந்தது. தணிக்கைப் பிரிவின் குறிப்பிலோ ஆயிரத்து இருநூற்று முப்பத்தாறு நீக்கங்கள் இருந்தன. ஆகவே மீதி எண்ணூற்று இருபத்து நான்கு குடிமக்கள் அனுமதியின்றிப் பதிவேட்டிலிருந்து அகற்றப்பட்டுள்ளார்கள். ஆறு வாரத்தில் விசாரணை.

எழுத்தர் நான்காம் மாடிக்கு ஏறினார். தணிக்கைப் பிரிவின் நிரலாளருக்கு ஹெட்போன் என்று பெயர். அவர் அதைக் காதிலிருந்து கழற்றி யாரும் பார்த்ததில்லை. அந்த மாதம்தான் அவர் டேட்டாபேஸோடு ஒரு சின்ன நிரலை இணைத்திருந்தார். எந்தக் கட்டளை நிறைவேறினாலும் டேட்டாபேஸ் அந்த நிரலைக் கூப்பிட்டு, இதோ இது நடக்கிறது என்று சொல்லும். அது யார், எப்போது, என்ன என்று குறித்து வைத்துக்கொள்ளும். இப்படி மாட்டிக்கொள்ள டேட்டாபேஸ் விட்டு வைத்திருக்கும் இடத்தைப் பதிவகம் தமிழில் கொக்கி என்று சொன்னது.

ஹெட்போன் குறிப்பைத் திறந்து காட்டினார். அக்காவின் ஒவ்வொரு தாளுக்கும் மூன்று வரிகள் இருந்தன. மூன்று வரிகளிலும் முழுத் தாளும் அப்படியே இருந்தது. முதல் கட்டளை நிறைவேறியபோதும் முழுத் தாள், இரண்டாவதற்கும் முழுத் தாள், மூன்றாவதற்கும் முழுத் தாள். நீக்கு என்ற சொல் மூன்று முறை வந்திருந்தது. நீக்கம் நடந்தது ஒரே முறை.

“டேட்டாபேஸ் முழுசாத்தான் குடுக்குது. கூடவே ரெண்டு நம்பரும் குடுக்குது, எத்தனாவது இடத்துல ஆரம்பிக்குது, எவ்வளவு நீளம்னு. அது எதுக்குன்னு எனக்குத் தெரியல. கையேட்டுல கட்டளையோட உரை வரும்னு போட்டிருந்துச்சு. வந்ததை எழுதி வெச்சுட்டேன்” என்றார் ஹெட்போன்.

இரண்டு வரி மாற்றினால் சரியாகிவிடும் என்றும் சொன்னார். ஆனால் கையேட்டுக்கு மாறாக நிரலை மாற்றினால் தணிக்கைப் பிரிவையே தணிக்கை செய்வார்கள்.

எழுத்தர் தன் அறைக்கு வந்து அறுநூற்றுப் பதினோராம் பக்கத்தைத் திறந்தார். ‘ஒவ்வொரு கட்டளை நிறைவேறும்போதும் கொக்கிக்கு அந்தக் கட்டளையின் உரை தரப்படும்.’ நான்கு வருடத்துக்கு முன்பு அவரே எழுதியது. எழுதும் முன் சோதித்துப் பார்த்ததும் நினைவுக்கு வந்தது. ஒரே ஒரு கட்டளையை அனுப்பிச் சோதித்திருந்தார். ஒன்று மட்டும் இருக்கும்போது முழுத் தாளும் அந்தக் கட்டளையும் ஒன்றுதான். வித்தியாசம் தெரிய வழியில்லை. அன்றைக்கு இன்னொன்றையும் சேர்த்து அனுப்பிப் பார்க்க அவருக்குத் தோன்றவில்லை. வருத்தப்பட வேண்டும் என்று நினைத்தார். வருத்தம் வரவில்லை. பல் மருத்துவர் ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டுப் பார்ப்பது போல இருந்தது.

மாலையில் வீட்டுக்குப் போனபோது அக்கா ஸ்டூலில் ஏறி மின்விசிறி இறக்கைகளைத் துடைத்துக்கொண்டிருந்தார். எழுத்தர் நடந்ததைச் சொன்னார். அக்கா துணியைப் பிழிந்துகொண்டே கேட்டார். கேட்டு முடித்ததும், மருந்துக் கடையில் ஒரே சீட்டில் மூன்று மருந்து வாங்கினால், ஒவ்வொரு மருந்தைக் கையில் கொடுக்கும்போதும் கடைக்காரர் முழுச் சீட்டையும் நோட்டில் காப்பி எடுப்பது மாதிரியா என்று கேட்டார். அதேதான் என்றார் தம்பி. ஒன்பது மருந்து வாங்கினதாகக் கணக்கு வரும் என்றார் அக்கா. பதினாறு வருடம் கையேடு எழுதியவருக்கு இவ்வளவு தெளிவாக எழுத வந்ததில்லை.

“அந்த வரியை எழுதினது யாரு?”

“நான்தான்.”

அக்கா மூன்றாவது இறக்கையைத் துடைத்தார். “சரி, திருத்திடு” என்றார்.

திருத்த வேண்டும் என்றால் வாக்கியக் குழுவுக்குப் போக வேண்டும். குழு முதல் மாடியில், குளிரூட்டிய அறையில், வியாழன்தோறும் கூடும். தலைவர், மொழி அலுவலர், சட்ட ஆலோசகர் ஆகிய மூவர் பேசுவார்கள். கையெழுத்துப் போட மட்டும் இன்னும் நால்வர் உண்டு. அவர்கள் பேச மாட்டார்கள், பிஸ்கட் சாப்பிடுவார்கள். எழுத்தர் கொண்டுபோன புதிய வாக்கியம் இது: ‘ஒரே தாளில் பல கட்டளைகள் இருந்தால், ஒவ்வொரு முறையும் கொக்கிக்கு முழுத் தாளின் உரையும் தரப்படும். அதில் அந்தக் கட்டளை எந்த இடத்தில் தொடங்குகிறது, எவ்வளவு நீளம் என்பவை தனியே தரப்படும்.’

முதல் வியாழன் முழுக்கக் கொக்கியிலேயே போயிற்று. மொழி அலுவலர் பென்சிலால் ‘தரப்படும்’ என்ற சொல்லைச் சுழித்தார். கொடுப்பது, தருவது எல்லாம் வாங்கிக்கொள்ளக் கை உள்ளவர்களுக்குத்தான் பொருந்தும் என்றார்.

“கொக்கிக்குக் கை கிடையாது. எப்படி வாங்கிக்கும்? அதுல எதையும் மாட்டத்தான் முடியும். ‘கொக்கியில் உரை மாட்டப்படும்’னு போடுங்க. நான் மொழிக்காகத்தான் சொல்றேன், அதுல என்ன விஷயம் இருக்குன்னு எனக்குத் தெரியாது, தெரிஞ்சுக்கவும் கூடாது.”

பழைய வாக்கியத்திலும் ‘தரப்படும்’ என்றுதானே இருக்கிறது என்று எழுத்தர் கேட்டார். அது நான்கு வருடமாகப் பழகிவிட்டது, பழகியதில் பிழை பார்ப்பது மரபல்ல என்று பதில் வந்தது.

இரண்டாம் வியாழன் நீளத்தில் போயிற்று. நீளத்தை எதைக் கொண்டு அளப்பது என்று குழு கேட்டது. கம்ப்யூட்டர் தன் கணக்கில் அளக்கும், நம் எழுத்துக் கணக்கு வேறு, ஓர் எழுத்துக்கே அங்கே பல இடம் ஆகலாம் என்றார் எழுத்தர். மொழி அலுவலர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். உயிர்மெய்யை ஒன்றாக எண்ணுவதா இரண்டாக எண்ணுவதா, புள்ளிக்கு எவ்வளவு என்று ஒரு மணி நேரம் பேசினார். கம்ப்யூட்டர் இலக்கணப்படி எண்ணுவதில்லை என்பதைக் கேட்டு வருந்தி, அதற்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார். யாருக்கு எழுதுவது என்ற இடம் காலியாக விடப்பட்டு தீர்மானம் நிறைவேறியது.

இந்த நாட்களில் பதிவகம் சும்மா இருக்கவில்லை. எண்ணூற்று இருபத்து நான்கு பேர் காணாமல் போயிருக்கும்போது எப்படிச் சும்மா இருக்கும்? தரைத்தளத்தில், பழைய அலமாரிகள் கிடந்த அறையைக் காலி செய்து, தேடுதல் பிரிவு என்று பலகை மாட்டினார்கள். மூன்று வருடத்துக்கு அனுமதி வாங்கினார்கள். செய்தித்தாள்களில் விளம்பரம் வந்தது. பதிவேட்டிலிருந்து நீக்கப்பட்டவர்கள், தங்கள் பெயர் பதிவேட்டில் இல்லை என்பதற்குப் பதிவகம் வழங்கிய சான்றிதழுடன் நேரில் வரும்படி அது கேட்டுக்கொண்டது.

அக்கா விளம்பரத்தைப் படித்துவிட்டு, அவர்கள் யார் என்று தெரிந்தால் தானே போய்க் கூட்டிவருவதாகச் சொன்னார். கேலியாகச் சொன்னாரா என்று தம்பிக்குத் தெரியவில்லை. வேலை இல்லாத அந்த வாரங்களில் அக்காவின் குரல் ஒரே மட்டத்தில் இருந்தது. வீட்டில் துடைப்பதற்கு மேற்கொண்டு எதுவும் மிச்சமில்லை.

மூன்றாம் வியாழன் சட்ட ஆலோசகர் பேசினார். வாக்கியம் அவருக்குப் பிடித்திருந்தது, ஒரு சொல்லைத் தவிர. ‘முழு’ என்று இப்போது சொன்னால், அப்படியானால் இதற்கு முன்பு அரைகுறையாகவா கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள். பிறகு அவர் ஒரு படிவத்தை எடுத்து வைத்தார். எழுத்தருக்கு அக்கா இருப்பது குழுவின் கவனத்துக்கு வந்திருக்கிறது என்றார்.

“உங்களுக்கு அக்கா இருக்கிறது தப்பு இல்ல. ஆனா இந்த வாக்கியத்தால அவங்களுக்கு நல்லது நடக்குதுன்னா, அது சொந்தக்காரங்களுக்காக எழுதின வாக்கியம் ஆயிடும். யாருக்கும் எந்த நல்லதும் நடக்காத வாக்கியமா இருந்தா உடனே அனுமதிக்கலாம். அப்படித்தான் மத்ததையெல்லாம் அனுமதிச்சிருக்கோம்.”

எழுத்தர் அக்காவைப் பற்றிய படிவத்தை நிரப்பினார். உறவின் தன்மை என்ற இடத்தில் ‘கூடப்பிறந்தவர்’ என்று எழுதினார். உறவு எந்தத் தேதியிலிருந்து என்று கேட்டிருந்தது. தன் பிறந்த தேதியைப் போட்டார்.

வாக்கியம் உண்மைதானா என்று நேரில் செய்து காட்ட முடியுமா என்று தலைவர் அடுத்த வியாழன் கேட்டார். பதினாறு வருடத்தில் அந்தக் கேள்வியை யாரும் கேட்டதில்லை. குழு அறையின் கம்ப்யூட்டர் வேலை செய்யாததால் எல்லோரும் தலைவரின் அறைக்குப் போனார்கள். தன் கம்ப்யூட்டரிலேயே செய்யலாம், திரை பெரியது என்றார் தலைவர். தன் கடவுச்சொல்லைத் தானே ஒரு விரலால் தட்டினார்.

எழுத்தர் சோதனைக்காக ஒரு போலிப் பதிவை உருவாக்கினார். பிறகு ஒரே தாளில் மூன்று கட்டளைகள் எழுதினார். அந்தப் பதிவைக் காட்டு, அதன் முகவரியை மாற்று, அதை நீக்கு. ஒரு நீக்கத்துக்கு முறைப்படி அனுமதியும் வாங்கிக்கொண்டார். அனுப்பினார். ஹெட்போன் தணிக்கைக் குறிப்பைத் திரையில் திறந்தார். மூன்று வரிகள் இருந்தன, மூன்றிலும் முழுத் தாள், ஒவ்வொன்றிலும் ஒரு நீக்கு. நீக்கப்பட்டது ஒரே பதிவு என்பதை எழுத்தர் எண்ணிக் காட்டினார்.

தலைவர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, திரைக்கு அருகில் போய்ப் பார்த்தார். அவர் முகம் மலர்ந்தது.

“ஒண்ணையும் விடல பாருங்க. ஒரு தடவை நடந்ததை மூணு தடவை எழுதி வெச்சிருக்கு. இதைவிடக் கவனமான தணிக்கை வேற எங்க இருக்கும்? குறையே இல்லாத ஒரு ஏற்பாட்டைப் போய்க் குறைன்னு சொல்றீங்களே.”

பிஸ்கட் சாப்பிடும் நால்வரும் தலையாட்டினார்கள். வாக்கியம் மறு பரிசீலனைக்கு ஒத்திவைக்கப்பட்டது. எழுத்தர் தன் அறைக்குப் போய் உட்கார்ந்தார். மேஜையில் இருந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திறந்து, மூடி, திறந்தார். மாலையில் அக்காவிடம் ஒத்திவைத்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னார். சோறு போடட்டுமா என்று அக்கா கேட்டார்.

ஐந்து நாள் கழித்து, மாதக் கடைசியில், தணிக்கைப் பிரிவின் கணக்கு தானாக வெளியானது. குழுத் தலைவரின் பெயரில் ஒரு நீக்கத்துக்கு அனுமதி இருந்தது. நடந்தவை மூன்று. இரண்டு குடிமக்களை அனுமதியின்றி அகற்றியது ஏன் என்று விளக்கம் கேட்டு, அக்காவுக்கு வந்த அதே வகை உறையில் அவருக்கும் கடிதம் வந்தது. தேடுதல் பிரிவு தன் பலகையில் இருந்த எண்ணை எண்ணூற்று இருபத்தாறு என்று திருத்தியது.

அன்று மதியம் இரண்டு மணிக்குள் வாக்கியக் குழு அவசரமாகக் கூடியது. மொழி அலுவலர் கொக்கிக்குக் கை உண்டு என்று ஒப்புக்கொண்டார். பழைய இலக்கியத்தில் கையில்லாதவற்றுக்கும் கொடுத்த சான்றுகள் இருக்கின்றன என்றார். ‘முழு’ என்பது அழகான சொல் என்றார் சட்ட ஆலோசகர். மூன்றே முக்காலுக்கு ஏழு கையெழுத்தும் ஆயிற்று. தலைவர் எழுத்தரின் தோளைத் தட்டி, இத்தனை தெளிவான விஷயத்தை முன்னாலேயே எடுத்துச் சொல்லியிருக்கலாமே என்றார்.

வாக்கியம் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று ஓர் இடம் நிரப்ப வேண்டியிருந்தது. தலைவர் தன் அறையில் சோதனை நடந்த வியாழக்கிழமையின் தேதியைப் போட்டார். எழுத்தர் அதைக் கவனித்தார். நான்கு வருடம் பின்னால் போட முடியுமா என்று கேட்டார். நான்கு வருடமாகக் கையேடு தவறாக இருந்தது என்று யார் சொல்வது என்று தலைவர் திருப்பிக் கேட்டார். மென்மையாகத்தான் கேட்டார்.

பலகையில் எண் மறுபடியும் எண்ணூற்று இருபத்து நான்கு ஆனது.

அக்காவின் விசாரணை அடுத்த வாரம் நடந்தது. விசாரணை அலுவலர் கண்ணியமானவர். அக்காவை உட்காரச் சொல்லி, மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார். எழுத்தரைச் சாட்சியாக அனுமதித்தார். புதிய வாக்கியத்தை வாய்விட்டு இரண்டு முறை படித்தார். அருமையாக இருக்கிறது என்றார். ஆனால் அது அதில் போட்டிருக்கும் தேதி முதல்தான் உண்மை, இவர் நீக்கியது அதற்கு முன்னால் என்றார். தேதியைப் பொறுத்தா உண்மை மாறும் என்று அக்கா கேட்டார்.

“கையேடு மாறினா மாறும்மா. மாறாட்டி கையேடு எதுக்கு?” என்றார் அவர். பிறகு இன்னும் மென்மையாக, “நான் உங்களை நம்பாம இல்ல. நீக்கப்பட்டவங்க பதிவேட்டுல இருக்க மாட்டாங்க இல்லையா? நாங்க தேடிப் பார்த்தோம். உண்மையாவே ஒருத்தர்கூட இல்ல. இதுக்கு மேல நான் என்ன சாட்சி கேக்கறது?” என்றார்.

வெளியே வராந்தாவில் சட்ட ஆலோசகர் எழுத்தருக்காகக் காத்திருந்தார். அவருக்கும் மனசு கேட்கவில்லை என்றார். ஒரு வழி இருக்கிறது. கையேடு தவறாக இருந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஓர் ஆள் தவறு செய்தான் என்று சொல்லலாம், அதற்குத் தேதி வரம்பு இல்லை. எழுதித் தயாராக வைத்திருந்த காகிதத்தை நீட்டினார். ‘நான் என் கவனக்குறைவால் கையேட்டில் தவறான வாக்கியத்தைப் புகுத்தி, குழுவையும் கையேட்டையும் ஏமாற்றினேன்’ என்று அதில் இருந்தது.

எழுத்தர் படித்தார். முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியைப் பற்றிப் பேச அவருக்குச் சக்தி இல்லை. பதினாறு வருடத்தில் அவர் கையில் வந்த காகிதங்களில் ஒரே ஒரு கையெழுத்து போதும் என்று இருந்தது இது ஒன்றுதான். சுவரில் வைத்துக் கையெழுத்துப் போட்டார். அக்கா உள்ளே இருந்ததால் பார்க்கவில்லை.

அதன்பின் எல்லாம் வேகமாக நடந்தது. அக்காவைப் பத்து நாளில் மூன்றாம் மாடிக்குத் திரும்ப அழைத்தார்கள். அவர் நீக்கியது உண்மை என்றும், கையேட்டு எழுத்தரால் தவறாக வழிநடத்தப்பட்டதால் மன்னிக்கப்படுகிறார் என்றும் கடிதம் சொன்னது. அக்கா அதை எழுத்தரிடம் காட்டினார். அவரைத் தவறாக வழிநடத்திய ஆளின் பெயர் அதில் இருந்தது. அன்று இரவுச் சாப்பாட்டின்போது அக்கா, “என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்” என்றார். கேட்டிருந்தால் வேண்டாம் என்று சொல்லியிருப்பாயே என்றார் தம்பி. ஆமாம் என்றார் அக்கா. அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. மறுநாளிலிருந்து அக்கா ஒவ்வொரு கட்டளையாக அனுப்பினார், காத்திருந்தார், அடுத்ததை அனுப்பினார். மாதத்துக்கு அறுபது முடித்தார். அவரை யாரும் எதுவும் கேட்கவில்லை.

எழுத்தரைக் கையேட்டிலிருந்து விலக்கித் தேடுதல் பிரிவுக்கு மாற்றினார்கள். காணாமல் போனவர்கள்தான் யாரும் இல்லையே, பிறகு எதற்குத் தேடுதல் பிரிவு என்று அவர் கேட்டார். மாற்றல் உத்தரவைக் கொடுத்த அலுவலர் அதைப் பற்றி யோசித்திருந்தார். ஆட்கள் காணாமல் போகவில்லை என்றால் பிரிவு இருக்காது, பிரிவு இருக்கிறது, மூன்று வருடத்துக்கு அனுமதியும் இருக்கிறது என்றார்.

தரைத்தளத்து அறையில் ஒரு மேஜையும் இரண்டு நாற்காலிகளும் ஒரு கம்ப்யூட்டரும் ஒரு பெரிய நோட்டும் இருந்தன. நோட்டில் எண்ணூற்று இருபத்து நான்கு வரிகள். ஒவ்வொரு வரியிலும் எண், பெயர், கிடைத்தாரா என்று மூன்று கட்டம், எண்ணைத் தவிர மற்றவை காலி. அவ்வளவுதான். இவர்கள் ஏற்கெனவே பதிவேட்டில் இருந்தவர்கள் என்பதால் வேறு விவரமோ ஆதாரமோ கேட்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. எழுத்தர் காலை ஒன்பதரைக்கு வந்து நோட்டைத் திறப்பார், ஐந்தேகாலுக்கு மூடுவார். நடுவில் யாரும் வரவில்லை. அலமாரிகள் நின்ற இடங்களில் தரை வெளுப்பாக, நீள் சதுரமாகத் தெரிந்தது. அவற்றைப் பார்த்துக்கொண்டிருப்பார். எதையாவது நினைத்தாரா என்று கேட்டால் அவருக்கே சொல்லத் தெரிந்திருக்காது.

இருபத்து மூன்றாம் நாள் ஒரு பெண் வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். சலவைக் கடையில் வேலை பார்க்கிறவர். கைகள் சோடாவில் ஊறி வெளுத்திருந்தன. செய்தித்தாளிலிருந்து கிழித்த விளம்பரத்தை மேஜையில் வைத்தார்.

“என் பேரு பதிவேட்டுல இல்லைங்க. இங்கதான் வரணும்னு போட்டிருக்கு.”

அதற்குச் சான்றிதழ் இருக்கிறதா என்று எழுத்தர் பழக்கத்தில் கேட்டுவிட்டார். அந்தப் பெண் ஒரு பிளாஸ்டிக் பையை அவிழ்த்தார். பத்தொன்பது வருடத்துச் சான்றிதழ்கள் இருந்தன. அப்பா அம்மா பதியாமல் விட்டுவிட்டார்கள். ரேஷனுக்கு, மகளைப் பள்ளியில் சேர்க்க, ஆஸ்பத்திரிக்கு என்று ஒவ்வொரு முறை பெயர் சேர்க்க வந்தபோதும், முன்பே பெயர் இருந்ததற்கான ஆதாரம் கேட்டு, இல்லை என்றதும், ‘இவர் பெயர் பதிவேட்டில் இல்லை’ என்று முத்திரை குத்திக் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். எல்லாம் பதிவகம் கொடுத்தவை. எல்லாம் ஒழுங்காக இருந்தன.

எழுத்தர் ஒவ்வொன்றாகப் பார்த்தார். இந்தப் பெண்ணை யாரும் நீக்கவில்லை. நோட்டு கேட்டது அதை அல்ல. நோட்டில் மூன்று கட்டம்தான் இருந்தது. அவர் பேனாவைத் திறந்து முதல் வரியில் பெயரை எழுதினார். மூன்றாவது கட்டத்தில் ‘கிடைத்தார்’ என்று எழுதினார். பிறகு கம்ப்யூட்டரைத் திருப்பி, கிடைத்தவர்களைத் திரும்பச் சேர்க்கப் பிரிவுக்கு என்று கொடுத்திருந்த அனுமதியில் பதிவேட்டில் ஒரு வரி சேர்த்தார். ஒரே கட்டளை. அது நிறைவேற ஒரு நொடிகூட ஆகவில்லை.

“ஆயிடுச்சும்மா.”

“அவ்வளவுதானா?”

“அவ்வளவுதான்.”

அந்தப் பெண் எழுந்திருக்கவில்லை. யாராவது திரும்பக் கூப்பிடுவார்கள் என்று எதிர்பார்ப்பது போல இருந்தார். பிறகு சான்றிதழ்களை அடுக்கிப் பையில் போட்டு, முடிச்சுப் போட்டார். இனிமேல் இவை தேவைப்படுமா என்று கேட்டார். தேவைப்படாது என்றார் எழுத்தர். இருந்தாலும் எடுத்துக்கொண்டு போனார். தங்கள் தெருவில் இன்னும் ஏழெட்டுப் பேர் இப்படி இருக்கிறார்கள், அனுப்பலாமா என்று வாசலில் நின்று கேட்டார். அனுப்பச் சொன்னார்.

சாயங்காலம் பஸ் நிறுத்தத்தில் அக்கா முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பையை மடியில் எடுத்து வைத்து இடம் விட்டார். எழுத்தர் உட்கார்ந்தார். நாலைந்து பஸ் கடந்து போயிற்று, எதுவும் அவர்களுடையது இல்லை.

“இன்னைக்கு ஒருத்தர் கிடைச்சாங்க” என்றார் அவர்.

அக்கா திரும்பிப் பார்த்தார். “நான் நீக்கினவங்கள்லயா?”

“இல்லக்கா. அவங்களை யாரும் எழுதவே இல்ல.”

அக்கா அதை யோசித்தார். எதிர்ச்சாரியில் ஒருவர் கடையின் ஷட்டரை இழுத்து மூடிக்கொண்டிருந்தார். அது பாதியில் சிக்கி, திரும்ப மேலே போய், மறுபடி இறங்கியது.

“இன்னும் எத்தனை பேருக்கு இடம் இருக்கு?”

“எண்ணூத்தி இருபத்துமூணு.”

பஸ் வந்தது. இருவரும் ஏறினார்கள்.